படித்த பள்ளிக்கு என்ன செய்யலாம்? ஸ்மார்ட் போர்டு வாங்கும் முன்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சிவகங்கை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அரசுப் பள்ளியில் படித்தவர். வருடத்துக்கு 2 லட்சம் ரூபாய் ஊருக்கென்று ஒதுக்க முடியும் என்கிறார். பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுப்பதா, வாசலில் அப்பா பெயரில் வளைவு கட்டுவதா, நன்றாகப் படிக்கிற இரண்டு பிள்ளைகளை டவுனில் தனியார் பள்ளியில் சேர்த்துவிடுவதா, இதில் எது சரி என்பது கேள்வி.

தம்பி, முதலில் மனசார ஒரு வாழ்த்து. ஊரை விட்டுப் போய்ச் சம்பாதிக்கிற எல்லாருக்கும் இந்த நினைப்பு வருவதில்லை. நான் இதே மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். பழைய மாணவர்கள் ஒன்பது பேரோடு சேர்ந்து ஒரு சிறிய கல்வி நிதியைப் பல வருடமாக நடத்தி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நீங்கள் சொன்ன மூன்றில் மூன்றாவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். முதல் இரண்டும் காத்திருக்கட்டும். உங்கள் பணம் போக வேண்டிய இடம் வேறு.

மூன்றாவது ஏன் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு அதிகம் பேர் செய்கிற தவறு அதுதான். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதற்கு அடிப்படைத் தகுதியே ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதுதான். பெண் பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாயைக் கல்லூரி முடியும்வரை வங்கிக் கணக்கில் போடுகின்றன. அவற்றையும் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்ததை வைத்துத்தான் தருகிறார்கள்.

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்த ஒரு பிள்ளையைப் பாசத்தோடு கூட்டிக்கொண்டு போய்த் தனியார் பள்ளியில் சேர்த்தால், 7.5 சதவீத வாசல் அன்றோடு மூடிவிடும். எங்கள் பக்கத்து ஊரில் இது கண்ணெதிரே நடந்தது. ஒரு பெரியவர் ஃபீஸ் முழுக்கக் கட்டி ஒரு பையனைப் பதினொன்றில் டவுன் பள்ளியில் சேர்த்துவிட்டார். பையன் நன்றாகவே படித்தான். கவுன்சலிங் சமயத்தில்தான் விஷயம் தெரிந்தது. அதே மார்க்குக்கு, அவனோடு பத்தாம் வகுப்பு வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்கு ஒரு பைசா செலவில்லாமல் அரசு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அந்தப் பெரியவர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசவே இல்லை. பிள்ளை இருக்கிற பள்ளியிலேயே இருக்கட்டும். அங்கே அவனுக்கு என்ன குறைகிறதோ அதைக் கொண்டுபோய்ச் சேருங்கள்.

இனி, பணம் எங்கே போக வேண்டும் என்பது. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் இருந்து நான் கண்டது இது. நம் பிள்ளைகள் படிப்பை விடுவது பெரும்பாலும் வகுப்பறைக்குள் இல்லை. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகிற இடைவெளியில்தான் விடுகிறார்கள். எட்டு முடித்து ஒன்பதுக்குப் போகும்போது, பத்து முடித்துப் பதினொன்றுக்குப் போகும்போது, ப்ளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகும்போது, முதல் செமஸ்டர் முடிந்து ரிசல்ட் வரும்போது. கோடை விடுமுறையில் ஒரு பையன் சொந்தக்காரரோடு கோயம்புத்தூர் பேக்கரிக்குப் போவான். ஒரு பெண் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவாள். “ரெண்டு மாசந்தான் சார், ஸ்கூல் திறந்ததும் வந்துருவேன்” என்பார்கள். முதல் மாதச் சம்பளம் வீட்டுக்கு வந்துவிட்டால் அதற்குப் பிறகு வருவது கஷ்டம். டிசி வாங்காமல் அலுவலக அலமாரியிலேயே கிடக்கும். அந்த அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும். கட்டடம், போர்டு, பெஞ்சு எல்லாம் பள்ளிக்குள் இருக்கிற பிள்ளைக்குத்தான் பயன்படும். அடுத்த படியில் ஏறாமல் நின்றுவிட்ட பிள்ளைக்கு அதில் எதுவும் இல்லை.

மதுரை ஒத்தக்கடை பக்கம் கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள் என்றொரு வங்கி ஊழியர் 2024 ஜனவரியில் தன் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை ஊர்ப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். கோடிக்கணக்கான மதிப்புள்ள நிலம். இறந்துபோன தன் மகள் ஜனனியின் நினைவாகக் கொடுத்தார். அந்த வருடக் குடியரசு தின விழாவில் அரசு அவருக்குச் சிறப்பு விருது வழங்கியது. எல்லாரும் நிலத்தின் விலையைப் பற்றிப் பேசினார்கள். ஒரு வாத்தியாராக எனக்குப் பட்டது வேறு. அந்த நிலம் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக உயர்த்துவதற்குக் கொடுத்தது. எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றுவிடுகிற ஊரில், ஒன்பதாம் வகுப்புக்கு வேறு ஊர் போகவேண்டிய அந்த ஓர் இடத்தில்தான் பிள்ளைகள் உதிர்வார்கள். அந்த அம்மா கைவைத்தது சரியாக அந்த இடத்தில்.

நம் பக்கத்துக்காரரான வள்ளல் அழகப்பரையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 1947-இல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், கல்லூரிகள் தொடங்கச் செல்வந்தர்கள் முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் கேட்டுக்கொண்டார். அந்த இடத்திலேயே எழுந்து 1 லட்சம் ரூபாய் அறிவித்தார் அழகப்பர். அதே ஆண்டு காரைக்குடியில் கல்லூரி தொடங்கிவிட்டது. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ஆய்வகம் திறக்கப்பட்டது. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. நான் அடிக்கடி நினைப்பது, அவர் ஒரே ஊரில் மழலையர் பள்ளி முதல் ஆசிரியர் பயிற்சி, பொறியியல் வரை ஒன்றன்மேல் ஒன்றாக வரிசையாக வைத்தார் என்பதை. இங்கே நுழைந்த பிள்ளைக்கு அடுத்த படி கண்ணுக்கு எதிரிலேயே தெரிந்தது. 48 வயதுகூட நிறையாமல் இறந்துபோன மனிதர் இவ்வளவையும் செய்திருக்கிறார்.

நம்மிடம் 300 ஏக்கர் இல்லை. ஆனால் ஒரு பிள்ளை ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஏறும்போது கை கொடுக்க 300 ஏக்கர் தேவையில்லை. எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஆகஸ்ட் மாதம், இரவு ஏழு மணி இருக்கும். ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் வாசலில் நின்றார்கள். கையில் துணிக்கடை மஞ்சப்பை, அதற்குள் பிளாஸ்டிக் கவரில் சர்டிஃபிகேட்கள். கவுன்சலிங்கில் அரசு பொறியியல் கல்லூரி கிடைத்திருந்தது. ஃபீஸ் இல்லை. அப்புறம் எதற்கு வந்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. “சார், காலேஜ் வேண்டாம்னு எழுதிக் குடுத்துரலாமான்னு கேக்க வந்தோம்” என்றார் அம்மா. நூறு நாள் வேலைக்குப் போகிறவர். தோடு ஏற்கெனவே அடகில் இருந்தது, காதில் துடைப்பக் குச்சி செருகியிருந்தார்.

உட்காரவைத்து ஒரு பேப்பரில் எழுதச் சொன்னேன். அந்தப் பெண்ணே எழுதினாள், அழகான கையெழுத்து. பெட்டி, பாய், பக்கெட். லேப் கோட், ஷூ. டிராஃப்டர், அதோடு வரைபலகை. இரண்டு சுடிதார். முதல் மாத மெஸ்ஸுக்குக் கையில் கொஞ்சம். போய்ச் சேர இரண்டு பேருக்குப் பஸ் செலவு. சாதாரண பட்டன் ஃபோன் ஒன்று. கூட்டிப் பார்த்தால் 11,400 ரூபாய். அரசு லட்சக்கணக்கில் செலவு செய்து தருகிற படிப்பு, இந்த 11,400 ரூபாய்க்காக நின்றுபோக இருந்தது. உதவித்தொகை வரும், புதுமைப்பெண் பணம் வரும், எல்லாம் வரும். ஆனால் சேர்ந்து சில மாதம் கழித்துத்தான் வரும். பெட்டி வாங்க வேண்டியது ஆகஸ்டில்.

இந்த இடைவெளிப் பணத்துக்குத்தான் யாரும் இல்லை. அரசுத் திட்டத்தில் இதற்கு இடமில்லை, வங்கிக் கல்விக் கடன் அதற்குள் கைக்கு வராது, பெரிய அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பித்துத் தேர்வாவதற்குள் கல்லூரி திறந்துவிடும். ஊரிலேயே ஒருவர் இருந்து, அன்று இரவே “போம்மா, நாளைக்குக் காலையில கடைக்குப் போவோம்” என்று சொன்னால்தான் நடக்கும். உங்கள் 2 லட்சம் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இதுதான் தம்பி.

ஆனால் பணம் மட்டும் போதாது என்பதையும் நாங்கள் ஒரு பையனை இழந்துதான் கற்றுக்கொண்டோம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தமிழ் வழியில் படித்த பையன், கணக்கில் கெட்டிக்காரன். தூரத்து ஊரில் ஒரு கல்லூரியில் சேர்ந்தான். ஹாஸ்டல், புத்தகம் எல்லாவற்றுக்கும் எங்கள் நிதியிலிருந்தே கட்டினோம். ரசீது வாங்கி ஃபைலில் வைத்தோம். நவம்பரில் அவன் அப்பா வழியில் பார்த்துச் சொன்னார், பையன் திரும்பி வந்துவிட்டான், சென்னையில் ஏதோ கடையில் நிற்கிறான் என்று. வகுப்பில் எல்லாம் இங்கிலீஷ். முதல் இன்டர்னல் தேர்விலேயே நான்கு பேப்பரில் போயிருக்கிறது. இதுவரை எதிலும் ஃபெயில் ஆகாத பையனுக்கு அதைச் சொல்லி அழ ஒரு ஆள் இல்லை. அரியர் என்பது எல்லாருக்கும் வருவது, எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லக்கூட அவன் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஜூலையிலிருந்து நவம்பர் வரை நாங்கள் பத்துப் பேரில் ஒருவர்கூட அவனுக்கு ஃபோன் பண்ணியிருக்கவில்லை. பணம் கட்டியாயிற்று என்று இருந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். கல்லூரிக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊரிலிருந்து முன்னாலேயே கல்லூரி முடித்த ஓர் அக்காவோ அண்ணனோ. வாரத்துக்கு ஒரு ஃபோன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மார்க் கேட்கக் கூடாது என்பது எங்கள் விதி. சாப்பாடு எப்படி இருக்கிறது, ரூமில் யார் யார் இருக்கிறார்கள், எந்த சார் நன்றாக நடத்துகிறார், இவ்வளவுதான். மூன்றாவது நான்காவது வாரத்தில் பிள்ளையே கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடும். இங்கிலீஷில் லெக்சர் புரியாத பிள்ளைக்கு முதல் இரண்டு மாதம் பாடக் குறிப்பைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஒரு சீனியர் கிடைத்தால் போதும், பாதிப் பேர் கரையேறிவிடுகிறார்கள். நீங்கள் சிங்கப்பூரில் இருந்துகொண்டே இதைச் செய்யலாம். உங்கள் 2 லட்சத்தைவிட உங்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்களுக்குப் பெரிது. முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை, அந்தப் பையனை நினைத்துச் சொல்கிறேன்.

பள்ளிக்குள்ளேயே செலவு செய்ய வேண்டும் என்று மனசு சொன்னால், எட்டாம் வகுப்புக்குப் போங்கள். என்.எம்.எம்.எஸ். என்கிற தேசிய வருவாய் வழித் திறன் தேர்வை எட்டாம் வகுப்பில் எழுதுகிறார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000, நான்கு வருடத்தில் 48,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடங்கள். மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. பாடம் பள்ளியிலேயே நடக்கிறது. மனத்திறன் கேள்விகள்தான் கிராமத்துப் பிள்ளைக்குப் புதுசு, எண் தொடர், உருவப் படம், திசை என்று இருக்கும். இதற்கு வேண்டியது மூன்று மாதம் தினமும் ஒரு மணி நேரப் பயிற்சியும், கட்டுக்கட்டாக மாதிரி வினாத்தாளும், சாயங்காலம் நிற்கிற பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் சுண்டலும். சுண்டலைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். மதியச் சத்துணவுக்குப் பிறகு ஐந்தரை மணிவரை பசியோடு உட்கார்ந்து எந்தப் பிள்ளைக்கும் எண் தொடர் ஓடாது. 20,000 ரூபாய்க்குள் இந்தப் பயிற்சியை ஒரு வருடம் நடத்திவிடலாம். ஒரே ஒரு பிள்ளை தேறினாலும் போட்டதற்கு இரண்டு மடங்குக்கு மேல் அந்தக் குடும்பத்துக்கு வருகிறது. அதைவிட, ஒன்பதாம் வகுப்பில் “இது ஸ்காலர்ஷிப் வாங்குற பிள்ளை” என்று பெயர் எடுத்த பிள்ளையை வேலைக்கு அனுப்ப வீட்டில் யோசிப்பார்கள்.

ப்ளஸ் ஒன்னில் முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களில் 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து இளநிலைப் பட்டம் முடிக்கும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் தருகிறார்கள். இதற்கும் அதே போன்ற பயிற்சிதான். உதவித்தொகை விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. தேர்வாகியும் பணம் வராமல் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆதார் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்காது, பெயரில் இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருக்கும், மறுவருடம் இணையத்தில் புதுப்பிக்க மறந்திருப்பார்கள். ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பிள்ளைக்கு மாதம் ஒரு சிறு தொகை கொடுத்து, வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், உதவித்தொகைப் புதுப்பிப்பு எல்லாவற்றையும் கவனிக்கச் சொன்னால் அரசிடமிருந்து வரவேண்டிய பணம் ஒழுங்காக வந்து சேரும். இ-சேவை மையத்தில் ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய்தான். ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மூன்று தடவை அலைவதால்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஸ்மார்ட் போர்டைப் பற்றிக் கேட்டீர்களே. வேண்டாம் என்று சொல்லவில்லை, யாரிடம் கேட்டு வாங்குகிறீர்கள் என்பதுதான் முக்கியம். காமராசர் ஆட்சியில் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்தபோது, 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. முதலில் ஒவ்வொரு பள்ளியும் தனக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் போடும். பிறகுதான் ஊர்க்காரர்கள் கூடி, ஆளுக்கு ஒன்றாக ஏற்றுக்கொள்வார்கள். கரும்பலகை, பெஞ்சு, ஓடு மாற்றுவது, பிள்ளைகளுக்குச் சீருடை என்று. நான் படித்த தொடக்கப் பள்ளியில் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. சாவி கொடுக்கிற கடிகாரம். அது அந்த மாநாட்டில் ஊர்ப் பலசரக்குக் கடைக்காரர் கொடுத்தது என்று எங்கள் வாத்தியார் சொல்வார். சனிக்கிழமை சாவி கொடுக்கிற வேலை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு. நான் ஒரு வருடம் கொடுத்திருக்கிறேன். அது ஓடியதற்குக் காரணம் பள்ளி கேட்டு வாங்கிய பொருள் என்பதுதான்.

கேட்காமல் வந்த பொருளுக்கு என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு வெளியூர் அன்பர்கள் ஆறு கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். திறப்பு விழா நன்றாக நடந்தது. இரண்டு வருடத்தில் யு.பி.எஸ். பேட்டரி போயிற்று. மாற்றுவதற்கு நிதி இல்லை, பழுது பார்க்க ஆள் இல்லை, அறையைப் பூட்டி வைத்தோம். கொடுத்தவர்கள் மேல் குறை இல்லை, பராமரிப்புக்கு என்ன வழி என்று தலைமையாசிரியராக நான்தான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். ஆகையால் எந்தக் கருவி வாங்கிக் கொடுத்தாலும், விலையில் ஐந்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனியாக ஒதுக்குங்கள். இன்றைக்கு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்று 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய திட்டம் இருக்கிறது. அதன் இணையதளத்தில் உங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதற்கு என்ன தேவை என்று பார்த்துப் பணம் அனுப்பலாம். அதோடு பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. ஊரில் இருக்கிற உங்கள் வகுப்புத் தோழர் ஒருவரை அந்தக் குழுவில் உட்காரச் சொல்லுங்கள், பள்ளியின் உண்மையான தேவை மாதாமாதம் உங்கள் காதுக்கு வந்துவிடும்.

பணம் அனுப்புகிற வழியில் கவனிக்க வேண்டியது ஒன்று. நீங்கள் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்தால், உங்கள் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக இங்கே உள்ள அறக்கட்டளைக்குக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டால் கதை வேறு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புக்கு மட்டுமே கொடுக்க முடியும். ஊர்ச் சிறு அறக்கட்டளைகளுக்குப் பெரும்பாலும் அந்தப் பதிவு இருக்காது. இது தெரியாமல் வாங்கிப் போட்டு மாட்டிக்கொள்வது உதவி செய்ய வந்தவரல்ல, ஊரில் கையெழுத்துப் போட்ட மனிதர். முதலில் ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து தொடர்ந்து செய்வதாக இருந்தால் அறக்கட்டளைப் பத்திரம் பதிந்து, பான் வாங்கி, வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி என்று சொல்கிற வரிச்சலுகைப் பதிவுகளையும் வாங்கிக்கொள்வது நல்லது. நன்கொடை கொடுப்பவருக்குக் கிடைக்கும் 80ஜி சலுகை பழைய வரிமுறையில்தான், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. யாரிடமும் ரொக்கமாக வாங்குவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டால் பிற்காலத்தில் நட்பு கெடாது.

யாருக்குக் கொடுப்பது என்பதை மார்க்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 580 மார்க் எடுத்த பிள்ளைக்குக் கை கொடுக்க நாலு பேர் வருவார்கள், பத்திரிகையில் படம் வரும். 430 எடுத்து, அப்பா இல்லாமல், தம்பி தங்கையையும் பார்த்துக்கொண்டு படித்த பிள்ளையை யாரும் தேடி வருவதில்லை. அந்தப் பிள்ளை அரசு கலைக் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ, நர்சிங்கிலோ சேர்ந்து முடித்தால் அந்த வீடே நிமிர்ந்துவிடும். தாளில் வருகிற விண்ணப்பத்தை நம்பாமல் வீட்டுக்கே போய்ப் பாருங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரை அனுப்புங்கள். அகரம் அறக்கட்டளை போன்ற பெரிய அமைப்புகளும் தன்னார்வலர்களை வீட்டுக்கு அனுப்பிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வீட்டுக்குப் போனால் அடுப்படியைப் பார்த்தாலே தெரிந்துவிடும், கேள்வி கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று, மேடை வேண்டாம். ஒரு வருடம் சுதந்திர தினத்தன்று நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். பின்னால் பெரிய ஃபிளெக்ஸ், “ஏழை மாணவர்களுக்கு உதவி” என்று கொட்டை எழுத்து. பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தோம். மறுவருடம் அதே நாளில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடிப் போனேன். கண்மாய்க்கரையில் உட்கார்ந்திருந்தான். “எனக்கு நோட்டு வேண்டாம் சார், என்கிட்ட இருக்கு” என்றான். இல்லை என்று எனக்குத் தெரியும். போன வருடத்துப் படத்தைப் பார்த்துவிட்டு ஊரில் யாரோ அவனை “ஏழை மாணவன்” என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். அன்றோடு மேடையை நிறுத்தினோம். இப்போது நோட்டும் செருப்பும் வகுப்பாசிரியர் வழியாகப் போகிறது, கல்லூரிப் பணம் நேரே கணக்குக்குப் போகிறது. கொடுத்தவர் யார் என்று பிள்ளைக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. ஸ்ரீவைகுண்டம் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நூலகராக இருந்த பாலம் கல்யாணசுந்தரம் ஐயா, சம்பளத்தையெல்லாம் ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தன் சாப்பாட்டுக்குப் பகுதிநேர வேலை பார்த்தார். அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது 2023-இல். அத்தனை காலமும் ஃபிளெக்ஸ் இல்லாமல்தான் நடந்தது.

அப்பா பெயரில் வளைவு கட்ட ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. தப்பே இல்லை. ஆனால் நிதிக்கு அப்பா பெயரை வையுங்களேன். ஆகஸ்டில் பெட்டியோடு கிளம்புகிற பிள்ளை அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு போகும்.

உங்கள் 2 லட்சத்தை நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். கல்லூரிக்குக் கிளம்புகிற பிள்ளைகளுக்கு, ஆளுக்கு 10,000 முதல் 12,000 வரை, ஏழெட்டுப் பேருக்கு. அது ஜூன் பிறக்கும்போதே ஊரில் தயாராக இருக்க வேண்டும், செப்டம்பரில் அனுப்பினால் பயனில்லை. எட்டாம் வகுப்புப் பயிற்சிக்கும் சுண்டலுக்கும் 20,000. சான்றிதழ் வேலை பார்க்கிற பிள்ளைக்கு வருடத்துக்கு 24,000. மிச்சத்தைத் தொடாமல் வைத்திருங்கள். நடு வருடத்தில் ஒரு அப்பா விபத்தில் படுப்பார், ஒரு பிள்ளைக்குத் தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் போகும், யாருக்காவது கண்ணாடி போட வேண்டியிருக்கும். அந்தச் சமயத்தில் கையில் பணம் இருக்க வேண்டும். வருடக் கடைசியில் மீதி இருந்தால் பள்ளிப் பட்டியலில் உள்ள ஒரு பொருளை வாங்கிக் கொடுங்கள். ஸ்மார்ட் போர்டு அந்தப் பட்டியலில் இருந்தால் அதையே கொடுங்கள். முதல் வருடமே முழுத் தொகையும் செலவாக வேண்டும் என்றில்லை. ஆனால் ஒரு பிள்ளையை ஏற்றுக்கொண்டால் அது படித்து முடிக்கும்வரை விடக் கூடாது. உங்களுக்கு வேலை போனாலும் தாங்குகிற அளவுக்கு மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். பள்ளி விடுமுறைக்கு முந்தின வாரமே வந்துவிட முடிந்தால் நல்லது. தலைமையாசிரியரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். என்ன வேண்டும் என்று எடுத்தவுடன் கேட்டுவிட்டால் சுற்றுச்சுவர், ஆர்.ஓ. குடிநீர் என்று சொல்வார், அதுவும் நியாயம்தான். அதற்கு முன் அவரிடம் போன வருடத்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலை வாங்கி, வகுப்பாசிரியரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகப் படித்து, “இந்தப் பிள்ளை இப்போ எங்க இருக்கு சார்?” என்று கேளுங்கள். பதில் தெரியாத பெயர்களுக்கு நேரே பென்சிலில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் அந்த வீடுகளுக்குப் போய்விட்டு வாருங்கள்.